இரண்டு பேர் குறையுது

டெனிஷ் நகரமான சில்க்போர்க்கில் பதினேழு வருடமாக பஸ் ஓட்டும் கோணேசன் ஒரு நாளும் நேரம் பிந்தியதில்லை. அந்தச் சனிக்கிழமை மட்டும் நாற்பது நிமிடம் முந்திவிட்டான். ஸ்கீவ ரயில் நிலையத்துக்கு வெளியே காரை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் முகத்தைப் பார்த்தான். நாற்பத்தாறு வயது முகம். காலையில் சவரம் செய்தபோது நாடியில் சின்ன வெட்டு விழுந்திருந்தது. அதில் ஒட்டியிருந்த பஞ்சை எடுத்தான். இரத்தம் எட்டிப் பார்த்தது. திரும்பவும் ஒட்டினான்.

ஊரில் போர் முடிந்து அன்றோடு பத்தொன்பது நாள்.

அவன் காத்திருந்தது சுபாஜினிக்காக. ஹோர்சன்சில் முதியோர் இல்லம் ஒன்றில் வேலை செய்பவள். தமையன் சிறீஸ்கந்தராசாவின் குடும்பத்தோடு இருப்பவள். அந்த வருடம் தை மாதத்துக்கு முன்னர் கோணேசன் அவளைக் கண்டதே இல்லை. வன்னியில் சண்டை இறுகியபோது கொப்பன்ஹேகனில் நடந்த ஆர்ப்பாட்டங்களுக்கு இவர்கள் இருந்த யூலாந்துப் பகுதியிலிருந்து பஸ் விட்டார்கள். ஸ்கீவயிலிருந்து பூபாலசிங்கம் அண்ணைதான் எல்லாம் ஒழுங்கு செய்தார். இறைச்சித் தொழிற்சாலையில் இருபது வருடம் நின்ற மனிதர், பெரிய குரல்காரர். ஏறும்போது ஒருமுறை, இறங்கும்போது ஒருமுறை, வழியில் நின்றால் இன்னொரு முறை என்று தலைகளை எண்ணிக்கொண்டே இருப்பார். கோணேசன் தன் ஓய்வு நாள்களில் அந்த பஸ்ஸை ஓட்டினான்.

முதல் பயணத்தில் ஹோர்சன்சில் ஏறியவர்களில் கடைசி ஆள் சுபாஜினி. மிஞ்சியிருந்தது சாரதிக்குப் பக்கத்து முன் இருக்கை மட்டும்தான். திரும்பி வரும்போது பஸ் முழுக்கக் களைத்து, அழுது, அடங்கிப் போய்க் கிடந்தது. அவனுடைய கண் செருகுவதை அவள் கண்டுவிட்டாள். பிளாஸ்கைத் திறந்து இஞ்சித் தேநீர் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு கதைக்கத் தொடங்கினாள். தன்னுடைய இல்லத்தில் பொய்ப்பல்லை ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு இடத்தில் ஒளிக்கும் கிழவரைப் பற்றி, அவளைத் தன் செத்துப்போன தங்கை என்றே நினைத்துக் கூப்பிடும் கிழவியைப் பற்றி. கடலைக் கடக்கும் பெரிய பாலத்தில் தொடங்கிய கதை ஹோர்சன்ஸ் வரும்வரை ஓயவில்லை. மொத்தம் ஏழு பயணம். ஏழாவது பயணத்தில் அந்த முன் இருக்கையில் கோணேசன் தன்னுடைய ஜக்கெற்றைப் போட்டுவைத்து வேறு யாரும் இருக்காமல் பார்த்துக்கொண்டான். அதை யாருக்கும் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளவுமில்லை.

பிறகு போர் முடிந்தது. பஸ்ஸும் நின்றது. அவளைக் காண்பதற்கு ஒரு காரணமும் இல்லாமல் போயிற்று. வைகாசி கடைசியில் பஸ்ஸைக் கூட்டிக் கழுவியபோது இருக்கைக்குக் கீழே பிளாஸ்கின் மூடிக் கோப்பை கிடந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாள் யோசித்தான். மூன்றாம் நாள் ரெலிபோன் எடுத்தான்.

"உங்கடை கோப்பை ஒண்டு என்னட்டைக் கிடக்குது."

"அந்தக் கோப்பையோ? நான் புதுப் பிளாஸ்க் வாங்கிப்போட்டன்," என்றாள் அவள்.

கோணேசன் கோப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். அவளும் ரெலிபோனை வைக்கவில்லை. பிறகு, "ஆனா அது நல்ல கோப்பை," என்றாள். "எறியாதேங்கோ."

அவன் வீட்டுக்குக் கொண்டுவந்து தருவதாகச் சொன்னான். வீட்டுக்கு வேண்டாம், அண்ணை கேள்வி கேட்பார் என்றாள். அவளுடைய வேலையிடத்தில் ஊழியர் சங்கம் இரண்டு பேருக்கான படகுச் சீட்டு ஒன்று தந்திருந்தது, அதில் போவோம் என்றாள். ஸ்கீவக்கு வடக்கே, நிலத்துக்குள் புகுந்த கடலான ஃபியோர்ட்டில் மூன்று சின்னத் தீவுகள். ஒன்றில் கண்ணாடி ஊதுகிறார்கள், ஒன்றில் லேஸ் பின்னுகிறார்கள், மற்றதில் சட்டிபானை வனைகிறார்கள். காலையில் போனால் மத்தியானம் திரும்பலாம். மூன்றேகாலுக்கு அவளுக்குப் பின்னேர வேலை. அரை நாள்தான் கிடைக்கும்.

"ஸ்கீவயிலை பூபாலசிங்கம் அண்ணை இருக்கிறார்," என்றான் கோணேசன்.

"அதாலைதான் அந்த இடம் நல்லது. இந்த வருசம் ஒரு கொண்டாட்டமும் இல்லை, சுத்துலாவும் இல்லை, வீட்டிலை சிரிப்புச் சத்தம் கேக்கப்படாது எண்டு மண்டபத்திலை அவர் சொன்னதை நீங்களும் கேட்டனீங்கள்தானே. அவர் இருக்கிற ஊரிலை ஒரு தமிழ்ச் சனமும் இப்ப வெளியிலை வராது."

அவள் சொன்னது சரியாகத்தான் பட்டது.

ரயில் வந்தது. நீல மழைச்சட்டை, தோளில் துணிப்பை, நரை விழத் தொடங்கிய பின்னல். காரில் ஏறியதும் முதல் கேள்வி: "எங்கை என்ரை கோப்பை?"

கோணேசன் சட்டைப் பையைத் தொட்டான். பின் இருக்கையைத் திரும்பிப் பார்த்தான். கோப்பை சில்க்போர்க்கில், சாப்பாட்டு மேசையில், மறக்காமல் எடுக்கவேண்டும் என்று கார்த் திறப்புக் கொத்துக்குப் பக்கத்திலேயே வைத்த இடத்தில் இருந்தது. திறப்பை எடுத்தவன் கோப்பையை எடுக்கவில்லை.

"மறந்துபோனன்," என்றான்.

"அப்ப இன்னொருக்கா வரவேண்டியிருக்கும் நீங்கள்," என்று சொல்லிவிட்டு அவள் இருக்கைப் பட்டியை இழுத்துப் பூட்டினாள்.

துறைமுகத்தில் வெள்ளைப் படகு ஒன்று நின்றது. முப்பது பேர் வரை இருக்கலாம். வழிகாட்டிப் பெண் பியகிட் ஆளுக்கொரு கோப்பிச் சீட்டும் பெரிய சிரிப்பும் கொடுத்து ஏற்றிக்கொண்டிருந்தாள். அநேகமாக எல்லாரும் டெனிஷ் ஓய்வூதியக்காரர்கள். இருவரும் பின்பக்க மேசையில் எதிரெதிரே அமர்ந்தார்கள். தண்ணீர் அசையாமல் கிடந்தது.

"இது கடலே இல்லை," என்றாள் சுபாஜினி. அவள் மட்டக்களப்புக்காரி. "எங்கடை வாவி மாதிரித்தான். பாருங்கோ, அலையும் இல்லை, ஓட்டமும் இல்லை."

கயிற்றை அவிழ்க்கும் நேரம். துறைமுகச் சீமெந்தில் இரண்டு பேர் ஓடிவந்தார்கள். முன்னே ஒரு பெண், ஒரு கையில் பெரிய பை, மறு கையில் ஒரு மனிதரின் முழங்கை. அவர் இழுபட்டு வந்தார். பியகிட் கையைக் கொடுத்து ஏற்றினாள். அந்த மனிதர் நிமிர்ந்து மூச்சு வாங்கியபோது கோணேசன் ஆளைக் கண்டுகொண்டான்.

பூபாலசிங்கம். பக்கத்தில் அவருடைய மனைவி தங்கராணி.

கோணேசன் குனிந்து சப்பாத்து நாடாவைக் கட்டினான். அவனுடைய சப்பாத்துக்கு நாடா இல்லை. சுபாஜினி மழைச்சட்டைத் தொப்பியை இழுத்துத் தலையில் போட்டாள். வெயில் எறித்துக்கொண்டிருந்தது. முப்பது வெள்ளைத் தலைகளுக்குள் இரண்டு கறுப்புத் தலைகள் எங்கே போய் ஒளிவது? பியகிட் அவர்களை நேரே இந்த மேசைக்கே கூட்டிவந்தாள். "நல்லதாய்ப் போச்சு, உங்கள் எல்லாருக்கும் ஒரே மேசை," என்று டெனிஷில் சொல்லிவிட்டுப் போனாள்.

நாலு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். கோணேசன் எழுந்து நின்றான். "வாங்கோ அண்ணை," என்றான், ஏதோ தன் வீட்டு வாசலில் நிற்பதுபோல.

ஆனால் பூபாலசிங்கம்தான் அவனைவிட அதிகம் கூசிப்போய் நின்றார். மூன்று கிழமையில் அரைவாசியாகியிருந்தார். சேட்டுக் கழுத்து தொளதொளத்தது. ஒலிபெருக்கி வேண்டாத அந்தக் குரல் கரகரத்து, பக்கத்தில் நிற்பவருக்கே மட்டுமட்டாகக் கேட்டது. "டொக்டர் சொன்னவர், தம்பி. காத்துப்படட்டாம். அதுதான்..."

"டொக்டரும் இல்லை, ஒருத்தரும் இல்லை," என்றாள் தங்கராணி. பையை மேசையில் வைத்துவிட்டு மூச்சுவிட்டாள். "நான்தான் இழுத்துக்கொண்டு வந்தனான். ராப்பகலா ரெலிபோனைப் பாத்துக்கொண்டு இருக்கிறார். நித்திரை இல்லை, சாப்பாடு இல்லை. இவரின்ரை தம்பி குடும்பம் அங்கை வன்னியிலை. ஒரு சேதியும் இல்லை. ரெலிபோன் சேட்டுப் பையிலைதானே கிடக்குது, அது படகிலையும் அடிக்கும், வாங்கோ எண்டு சொன்னன்." பிறகு பார்வையைத் திருப்பினாள். "நீங்கள் ரெண்டு பேரும் எப்பிடி?"

"தற்செயலாக் கண்டனாங்கள், அக்கா," என்றான் கோணேசன்.

"பிள்ளை, நீர் ஹோர்சன்சிலையிருந்து விடியக் காலமை வெளிக்கிட்டு, ரெண்டு ரயில் மாறி, தற்செயலாவோ இஞ்சை வந்தனீர்?"

சுபாஜினி தொப்பியைக் கழற்றினாள். "ஓம் அக்கா," என்றாள். முகம் சிவந்து, வாய்க்குள் சிரிப்பை அடக்கிக்கொண்டு. தங்கராணி அதற்குமேல் கேட்கவில்லை. ஆனால் முதல் தீவு வரும்வரை அவள் முகத்தில் ஒரு திருப்தி இருந்தது.

கண்ணாடித் தீவில் இறங்கினார்கள். பழைய மீன் களஞ்சியம் ஒன்றுக்குள் உலை எரிந்தது. தாடிக்காரர் ஒருவர் நீண்ட இரும்புக் குழாயின் நுனியில் தேன்போலத் தொங்கிய கண்ணாடியை உருட்டி, ஊதி, பூச்சாடி ஆக்கிக் காட்டினார். யாராவது ஊதிப் பார்க்கிறீர்களா என்று கேட்டபோது எல்லாரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். தங்கராணி கணவரை முதுகில் பிடித்துத் தள்ளிவிட்டாள்.

பூபாலசிங்கம் மறுக்கத்தான் பார்த்தார். அதற்குள் குழாய் அவர் வாய்க்கு வந்துவிட்டது. அவர் ஊதினார். நாலு மாதம் தெருவில் நின்று கத்திய நெஞ்சின் முழு மூச்சையும் ஒரே ஊதலில் ஊதிவிட்டார். கண்ணாடி பலூன்போல வீங்கி, மெலிந்து, "டப்" என்று வெடித்து வெங்காயச் சருகு மாதிரிக் காற்றில் பறந்தது.

"மெதுவாக," என்றார் தாடிக்காரர். "குழந்தையின் சூப்பை ஆற்றுவதுபோல ஊதுங்கள்."

"கேட்டனீங்களே? ஆரையும் துரத்துறதுக்கு ஊதாதேங்கோ," என்றாள் தங்கராணி.

இரண்டாம் முறை மெதுவாக ஊதினார். தோடம்பழம் அளவில் ஒரு குமிழ் வந்தது. கொஞ்சம் கோணல், ஒரு பக்கம் தொப்பை. தாடிக்காரர் அதைத் தூக்கிப் பிடித்து, "உங்களைப் போலவே இருக்கிறது," என்றார். கூட்டம் சிரித்தது. பூபாலசிங்கமும் சிரித்தார். உடம்பு குலுங்கி வந்த சிரிப்பு. வந்த வேகத்திலேயே அதை நிறுத்தி, வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பொத்திய கைக்கு மேலே கண்கள் கோணேசனைப் பார்த்தன. கோணேசன் உடனே உலையின் பக்கம் திரும்பி, நெருப்பையே பார்ப்பவன்போல நின்றான். அவர் சிரித்ததை யாரும் பார்க்கவில்லை என்று அவர் நினைக்கட்டும் என்று அவனுக்குப் பட்டது.

அதைச் சுபாஜினி கண்டாள். வெளியே வரும்போது, "நீங்கள் நல்ல மனுசன்," என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை. படகுக்குப் போகும் பாதை முழுக்க கோணேசனுக்குக் கால் தரையில் படவில்லை.

இரண்டாவது தீவில் வீடுகள் பொம்மை வீடுகள் மாதிரி. தோட்டத்தோடு கூடிய ஒரு வீட்டில் நாலைந்து பெண்கள் மடியில் கெட்டித் தலையணை வைத்து, குண்டூசிகளுக்கு நடுவே நூல் சுற்றிய சின்னச் சின்ன மரக்கட்டைகளை மாற்றி மாற்றிப் போட்டு லேஸ் பின்னினார்கள். கட்டைகள் ஒன்றோடொன்று படும் சத்தம் மழை தொடங்குவது மாதிரி இருந்தது. பிறகு உண்மையாகவே மழை தொடங்கியது. பியகிட் எல்லாரையும் முன் அறைக்குக் கூட்டிப் போனாள். பின் தோட்டத்தில் வெங்காயப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்ற கோணேசனும் சுபாஜினியும் அங்கிருந்த தகரக் கொட்டிலுக்குள் ஓடினார்கள். அதற்குள் ஒரு வாங்கும், இரண்டு மண்வெட்டியும்.

வாங்கில் பக்கத்துப் பக்கத்தில் அமர்ந்தார்கள்.

"என்னைப் பற்றிச் சனம் உங்களுக்குச் சொல்லியிருக்குமே," என்றாள் சுபாஜினி.

"கொஞ்சம்."

"மிச்சத்தை நான் சொல்லுறன். பிறகு ஒருத்தர் வந்து சொல்லி நீங்கள் கேக்கக்கூடாது." மடியில் கைகளைக் கோத்துக்கொண்டாள். "தொண்ணூறாம் ஆண்டு எனக்குக் கலியாணம் நடந்தது. எனக்கு இருபத்திரண்டு. அவர் பேர் தவராசா. சைக்கிள் கடை வைச்சிருந்தவர். கோயிலிலை தாலி கட்டி நாப்பத்தோரு நாள். பதிவு எழுதப் போக இருந்த கிழமை ஆமி வந்து ஊரிலை இருந்த ஆம்பிளையள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு போனது. விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டவங்கள். விடயில்லை. அண்ணை என்னை இஞ்சை கூப்பிட்டவர். இஞ்சத்தைப் பேப்பரிலை நான் கலியாணம் கட்டாதவள். எங்கடை சனத்துக்கு நான் புருசன் இல்லாதவள். எனக்கு..."

மழை தகரத்தில் பலத்தது. அவள் குரலை உயர்த்த வேண்டியிருந்தது.

"எனக்கு ஒரு கணக்கு இருந்தது. சண்டை முடிஞ்சா வருவார். எங்கையாவது ஒரு சிறையிலை வைச்சிருப்பாங்கள், முடிஞ்ச உடனை திறந்து விடுவாங்கள். பத்தொன்பது வருசம் அப்பிடித்தான் சொல்லிக்கொண்டு இருந்தனான். இப்ப முடிஞ்சுது. முடிஞ்ச அண்டைக்கு எல்லாரும் ரீவீயைப் பாத்து அழுதினம். நான் போய் வாசல் கதவைத் திறந்து வைச்சன். ஹோர்சன்சிலை, மூண்டாம் மாடியிலை. விசர்தானே?"

"இல்லை," என்றான் கோணேசன்.

"அவர் செத்துப்போனார் எண்டு நான் இன்னும் சொல்லமாட்டன். எட்டுச் செலவு, திவசம் ஒண்டும் செய்யமாட்டன். அவரின்ரை படத்துக்கு மாலை போடமாட்டன். ஆனா படம் என்ரை அறையிலை இருக்கும். ரெலிபோன் அடிச்சா எனக்கு இப்பவும் நெஞ்சு இடிக்கும். இதையெல்லாம் வைச்சுக்கொண்டு இன்னொரு ஆளோடை வாழலாமோ எண்டு எனக்குத் தெரியாது. ஆனா பஸ்ஸிலை உங்கடை பக்கத்திலை இருந்தது எனக்கு நல்லா இருந்தது. அதையும் சொல்லாமல் விட ஏலாது."

கோணேசன் பேச்சில் கெட்டிக்காரன் இல்லை. இத்தனை வருடமும் பயணிகளுக்கு அவன் சொன்ன மிக நீண்ட வசனம், "பின் கதவு பழுது, முன்னாலே இறங்குங்கள்" என்பதுதான்.

"படத்தை நடு வீட்டிலை வைப்பம்," என்றான். "நான் ஆணி அடிச்சுத் தாறன்."

அவள் அவனைப் பார்த்தாள்.

"அவர் வந்தா?" என்றாள்.

"வந்தா... வந்தா நல்லதுதானே. மூண்டு பேரும் இருந்து கதைப்பம். நான் தேத்தண்ணி போடுவன்." கொஞ்சம் யோசித்தான். "எனக்கு உங்களைப்போலப் போட வராது. ஆனா போடுவன்."

சுபாஜினி இரண்டு கையாலும் முகத்தை மூடினாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று அவனுக்குத் தெரியவில்லை. இரண்டும்தான். அவன் கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் கடைசியில் அவளுடைய தோளில், மழைச்சட்டைக்கு மேல், விரல் நுனிகளால் தொட்டான். அவள் தள்ளவில்லை. அப்படியே எவ்வளவு நேரம் இருந்தார்களோ, தகரத்தில் மழை அடங்கியபோதுதான் சுற்றிவர ஒரு மனிதச் சத்தமும் இல்லை என்பது உறைத்தது.

துறைக்கு ஓடினார்கள். படகு போய்க்கொண்டிருந்தது. அதன் பின்புறமும் டெனிஷ் கொடியும் தெளிவாகத் தெரிந்தன. கோணேசன் இரண்டு கையையும் ஆட்டினான். கத்தினான். காற்று அவன் சத்தத்தைத் தீவுக்குள்ளேயே திருப்பி அடித்தது. துறையில் இருந்த பலகையைப் பார்த்தான். அடுத்த படகு திங்கட்கிழமை.

"மூண்டேகாலுக்கு உங்களுக்கு வேலை," என்றான். முகம் வெளிறிப்போயிருந்தது. "பதினேழு வருசம் சனம் என்ரை பஸ்ஸை விட்டிட்டு நிண்டதைக் கண்ணாடியிலை பாத்திருக்கிறன். நான் இப்பிடி நிண்டதில்லை."

சுபாஜினி சிரிக்கத் தொடங்கினாள். அடக்கிய சிரிப்பு இல்லை. நனைந்த பின்னலோடு, துறைக் கட்டையைப் பிடித்துக்கொண்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவளை அப்படி அவன் பார்த்ததே இல்லை. அவனும் சிரித்துவிட்டான். சிரிக்கக் கூடாது என்ற பூபாலசிங்கம் அண்ணையின் சட்டம் இரண்டாவது தடவையாக அன்று முறிந்தது.

அப்போது படகு திரும்புவது தெரிந்தது. முதலில் நம்பவில்லை. மூக்கு மெல்ல வளைந்து, நேரே இவர்களைப் பார்த்து வந்தது. அந்த மூக்கில் ஒரு மனிதர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். போக்குவரத்துப் பொலிஸ்காரனைப்போல இரண்டு கையையும் வீசிக்கொண்டு. மூன்று கிழமையாகக் காணாமற்போயிருந்த அந்தக் குரல் தண்ணீருக்கு மேலால் முழுசாக வந்தது.

"ரெண்டு பேர் குறையுது! அங்கை நிக்கினம்! அங்கை!"

தமிழில்தான் கத்தினார். படகோட்டிக்கு விளங்கியிருக்காது. விளங்கவும் தேவையில்லை.

ஏறியபோது ஓய்வூதியக்காரர்கள் கைதட்டினார்கள். பியகிட் ஆயிரம் தடவை மன்னிப்புக் கேட்டாள். தங்கராணிதான் நடந்ததைச் சொன்னாள்: "எல்லாரும் வந்தாச்சோ எண்டு அந்தப் பிள்ளை கேட்டாள். மழைக்குள்ளை எல்லாரும் ஓம் ஓம் எண்டு சொல்லிப்போட்டினம். நாங்கள் படகிலை முன்னுக்கு ஒதுங்கி நிண்டதிலை நானும் கவனிக்கயில்லை. படகு வெளிக்கிட்டாப் பிறகு இவர் எழும்பி எண்ணத் தொடங்கினார். எண்ணிப்போட்டுத் திரும்பவும் எண்ணினார். படகோட்டி திரும்ப ஏலாது, நேரம் போயிட்டுது, போன் பண்ணி வேறை ஒழுங்கு செய்வம் எண்டான். இவர் இருக்கமாட்டன் எண்டு எழும்பி நிண்டிட்டார். நீ திருப்பும் வரைக்கும் நான் நிக்கிறன் எண்டு."

"என்ரை பஸ்ஸிலை வந்த ஒருத்தரையும் நான் விட்டிட்டுப் போனதில்லை, தம்பி," என்றார் பூபாலசிங்கம். நெஞ்சு இன்னும் ஏறி இறங்கியது. "ஏழு தரமும் ஐம்பத்திரண்டு ஏத்தினன், ஐம்பத்திரண்டு இறக்கினன்."

"ஓம் அண்ணை. எனக்குத் தெரியும்."

"அங்கை..." என்றார் அவர். வாய் கோணியது. "அங்கை எண்ணுறதுக்கு ஒருத்தரும் இல்லையே, தம்பி. எத்தினை பேர் குறையுது எண்டு ஆர் எண்ணுறது?"

அவர் உட்கார்ந்தார். மேசையில் தலையைக் கவிழ்த்து, உடம்பு முழுக்க ஆட, அழுதார். தங்கராணி முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். அவள் கோணேசனைப் பார்த்துத் தலையை அசைத்தாள்: விடு, அழட்டும், இதுக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். பக்கத்து மேசை டெனிஷ் கிழவி எழுந்து வந்து, எதுவும் கேட்காமல், தன்னுடைய கோப்பியை அவர் முன்னால் வைத்துவிட்டுப் போனாள்.

பிந்திய நேரத்தால் சட்டிபானைத் தீவில் கால்மணி நேரம்தான் நின்றார்கள். நாலு பேரும் இறங்கவில்லை. தங்கராணி பையைத் திறந்தாள். வெள்ளித்தாளில் சுற்றிய கட்லட், மீன் ரோல்ஸ், ஒரு சின்னப் போத்தலில் மிளகாய்ச் சோஸ். இரண்டு பேருக்கு இவ்வளவு எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. பூபாலசிங்கம் ஒன்றை எடுத்தார். பிறகு இன்னொன்று. நாலாவதை எடுத்தபோது தங்கராணி முகத்தைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். மூன்று கிழமையில் அவர் கேட்காமல் எடுத்துச் சாப்பிட்டது இதுதான் முதல் தடவை.

"அப்ப ரெண்டு பேரும்," என்றார் அவர், வாயைத் துடைத்துக்கொண்டு. "நான் தமையன் சிறீயோடை கதைக்கட்டோ?"

கோணேசன் வாயைத் திறக்குமுன் சுபாஜினி சொன்னாள்: "வேண்டாம் அண்ணை. அது என்ரை வேலை. நான் கதைப்பன்."

"அவரிட்டையும் தற்செயல் எண்டு சொல்லாதையும், பிள்ளை," என்றாள் தங்கராணி.

மூன்று பத்துக்குக் கார் முதியோர் இல்லத்தின் வாசலில் நின்றது. அவள் இறங்கி நாலடி போய்த் திரும்பி வந்து கண்ணாடியைத் தட்டினாள். "நாளைக்குப் பதினொரு மணிக்கு முதல் வீட்டை வாங்கோ. அதுக்குப் பிறகெண்டா அண்ணை ரீவீயிலை பந்து விளையாட்டுப் பாக்க இருந்திடுவார், ஒரு கதையும் காதிலை ஏறாது." சொல்லிவிட்டு ஓடினாள்.

அடுத்த நாள் பத்தரைக்கே கோணேசன் போய்விட்டான். சிறீஸ்கந்தராசா கதவைத் திறந்து, அவனை இருத்தி, எதிர் நாற்காலியை இழுத்து அமர்ந்தார். "எல்லாம் சொன்னவளோ?" என்று கேட்டார். சொன்னவள் என்றான். "தவராசாவைப் பற்றியும்?" ஓம் என்றான். அவர் எழுந்து குசினிக்குப் போனார். தண்ணீர்க் குழாய் தேவைக்கு அதிகமாக ஓடிக்கொண்டிருந்தது. முகம் கழுவிக்கொண்டு வந்தவர், "மத்தியானம் சாப்பிட்டிட்டுப் போகலாம்," என்றார்.

ஆவணியில் பூபாலசிங்கத்தின் ரெலிபோன் அடித்தது. தம்பியின் மனைவியும் மூத்த மகளும் வவுனியா முகாமில் இருக்கிறார்கள் என்று சேதி. தம்பியைப் பற்றி ஒன்றும் இல்லை. கோணேசனுக்கு எடுத்துச் சொன்னபோது, "ரெண்டு பேர் இருக்கினம்," என்று அதையே மூன்று தடவை சொன்னார்.

கார்த்திகை மாதத்தில் ஹோர்சன்ஸ் நகரசபையில் பதிவுத் திருமணம். மேளம் இல்லை, மண்டபம் இல்லை, பன்னிரண்டு பேர். சாட்சிக் கையெழுத்தில் ஒன்று பூபாலசிங்கத்தினது. கொண்டாட்டம் வேண்டாம் என்று சொன்னவர் நீங்கள்தானே என்று யாரோ பகிடி விட்டபோது, "இது கொண்டாட்டம் இல்லை, பதிவு," என்றார். ஆனால் புதுச் சேட்டுப் போட்டிருந்தார், அது அவருக்கு அளவாக இருந்தது.

அன்றும் சுபாஜினிக்குப் பின்னேர வேலை. மாற்றிக்கொள்ள ஒருவரும் கிடைக்கவில்லை. தன்னுடைய கிழவன் கிழவிகள் பார்க்க வேண்டும் என்று கத்தரிப்பூ நிறச் சேலையோடேயே போனாள். அவர்கள் சேலையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். பிறகு அவள் உள்ளே போய் வேலை உடுப்புக்கு மாறினாள். கோணேசன் திரும்பிப் போக மனமில்லாமல் சாப்பாட்டு அறையில் கோட்டும் ரையுமாக உட்கார்ந்திருந்தான். யாரோ அவனுக்கும் கறுத்தப் பாணும் மீனும் கொண்டுவந்து வைத்தார்கள்.

எதிரே இருந்த கிழவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீர் புது வைத்தியரா?" என்று கேட்டார்.

"இல்லை," என்றான் கோணேசன். டெனிஷில் அடுத்து வந்த சொல்லை அவன் அதுவரை தனக்காகச் சொன்னதில்லை. கொஞ்சம் தடுமாறித்தான் வந்தது. "நான் சுபாஜினியின் கணவன்."

"ஆ," என்றார் கிழவர். வாயிலிருந்து பல்லைக் கழற்றி, துடைத்து, அவனுடைய பாண் தட்டின் கீழே பத்திரமாக ஒளித்து வைத்தார்.